குழுக்களின் ‘ஹியரிங்’: அட்டவணைக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

வெள்ளவத்தையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். பாடசாலைகளுக்கான குடியியல் சுவரொட்டி ஒன்று மும்மொழியிலும் அச்சாகிறது. வியாழன் காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒரு பாதியில் நம் பாராளுமன்றக் குழுக்கள்: அரச கூட்டுத்தாபனங்களின் கணக்கைப் பார்க்கும் கோப், அரச திணைக்களங்களின் கணக்கைப் பார்க்கும் கோபா, துறைசார் மேற்பார்வைக் குழுக்கள். மறுபாதியில் ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கக் காங்கிரஸ்.

நான் மாட்டிக்கொண்டது அமெரிக்கப் பாதியில். அங்கே ஒரு குழு கூடுவதில் இரண்டு முக்கிய வகை உண்டு. ஒன்றில் வெளியாட்களை வரவழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, குறுக்கே கேள்வியும் கேட்பார்கள். அதுதான் ‘ஹியரிங்’. மற்றதில் உறுப்பினர்கள் தாங்களே இருந்து சட்டமூலத்தை வரிவரியாகத் திருத்துவார்கள். பிரதிநிதிகள் சபை விதிப்படி முதலாவதற்குப் பொதுவாக ஒரு கிழமைக்கு முன்பே திகதி, இடம், விடயம் மூன்றையும் அறிவிக்க வேண்டும். இரண்டாவதற்கு மூன்று நாள் அவகாசம் போதும். அதனால் அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனி நிரல்.

நம் பத்திரிகைகள் எதையும் ‘குழுக் கூட்டம்’ என்றே எழுதிவிடும். அப்படி எழுதினால் இரண்டு நிரலுக்கும் ஒரே தலைப்பு வந்துவிடும். சிங்களப் பக்கம் செய்பவருக்கும் இதே தொல்லைதான். அவர் ‘விபாகய’ என்று போட்டிருக்கிறார், அது வழக்கு விசாரணையும்தான், பரீட்சையும்தான். நான் தற்போதைக்கு ‘குழு விசாரணை’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, புதுச் சொல் ஒன்றும் தேட வேண்டியதில்லை. ‘கேள்வி’ என்ற சொல் கையிலேயே இருக்கிறது.

திருக்குறளின் 42ஆம் அதிகாரம் கேள்வி. அதிலுள்ள பத்துக் குறளில் ஒன்றுகூட வினாக் கேட்பதைப் பற்றியதில்லை, பத்தும் செவியால் கேட்பதைப் பற்றியவை. ‘செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம்’ என்றுதான் அதிகாரமே தொடங்குகிறது. ‘கேள்’ என்ற ஒரே வினை காது கொடுப்பதற்கும் ஆகும், வினவுவதற்கும் ஆகும். நீங்கள் சொல்லும் கூட்டத்தில் நடப்பதும் இந்த இரண்டும்தானே? ஆங்கிலச் சொல்லில் காது மட்டும்தான் இருக்கிறது. நம் சொல்லில் காதும் வாயும் இருக்கின்றன.

குழு என்பதற்கும் ‘வாரியம்’ என்று பழஞ்சொல் உண்டு. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் வருகின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரைக் குடவோலையில் இடக்கூடாது, அவனுடைய உறவினர் பெயரையும் இடக்கூடாது என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது. 10ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தது! இன்றைய கோபாவின் வேலையை அன்றே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆகவே ‘வாரியக் கேள்வி’ என்பது என் முன்மொழிவு. ‘யாவரும் கேளிர்’ என்பதிலுள்ள கேளுக்கும் இந்தக் கேளுக்கும் உறவுண்டு என்பது என் நெடுநாள் எண்ணம். ஒருவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவன்தானே அவனுக்கு உறவு? அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

புதுக்கடையிலிருந்து, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, கல்வெட்டுச் செய்தி அருமை. ஆனால் வாரியம் என்றால் இன்று தமிழ்நாட்டில் மின்வாரியம், வீட்டுவசதி வாரியம். இங்கே அந்தச் சொல் புழக்கத்திலேயே இல்லை. கேளிரைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை, எழுத்து ஒன்றாக இருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

நம் நீதிமன்றத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: ‘விளக்கம்’. வழக்கை விளங்குவது என்றால் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பது. விளக்கமறியல் என்று தினமும் பத்திரிகையில் வாசிக்கிறோமே, அதன் முதற்பாதி இதுதான்: விளக்கம் முடியும்வரை மறியல், அதாவது சிறைக்காவல். மூன்று நீதிபதிகள் சேர்ந்திருந்து விளங்கும் ட்ரயல் அட் பார் என்பதை ‘நீதாய விளக்கம்’ என்றுதான் எழுதுகிறோம். அதேபோல ‘குழு விளக்கம்’ என்னலாம்.

குறித்த நாளில் நடப்பது என்பதற்கு ‘தவணை’ இருக்கிறது. அடுத்த தவணை எப்போது என்று புதுக்கடை நீதிமன்றங்களில் கேட்காதவர் இல்லை. ‘குழுத் தவணை’ என்று போட்டால் நாள் குறித்ததும் கேட்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

பம்பலப்பிட்டியிலிருந்து, ஆசிரியை:

சேர், ஐயா, இருவருக்கும் வணக்கம். இந்தச் சுவரொட்டி என் வகுப்பறையிலும் தொங்கப் போகிறது. அதனால் நேற்று பத்தாம் தரப் பிள்ளைகளிடம் இந்தச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

தவணை என்றதும் தவணைப் பரீட்சை என்றார்கள். ஒருவன் மட்டும் கடைக்குக் கட்டும் காசு என்றான். விளக்கம் என்றால் பாட விளக்கம். வாரியக் கேள்வியைக் கடினமான பரீட்சைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டார்கள்.

‘விசாரணை’ என்று எழுதியபோதுதான் வகுப்பு அமைதியானது. பின்வரிசையில் ஒரு பிள்ளை, “பொலிஸா ரீச்சர்?” என்று கேட்டாள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு அண்ணாவை விசாரணைக்கு என்றுதான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவருடைய அம்மா பல நாள் படலையடியிலேயே நின்றார். நம் பல வீடுகளில் அந்தச் சொல்லுக்கு இன்னும் அந்த முகம்தான் இருக்கிறது. ஒரு கல்வி நிபுணரோ மீனவர் சங்கத் தலைவரோ குழு முன் வந்து தன் கருத்தைச் சொல்வதற்கு அந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டாம். பாராளுமன்றம் தன்னைக் கூப்பிட்டால் பயப்பட வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்துவிடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

‘சாட்சி கேட்கும் அமர்வு’ என்று எழுதினால் என்ன? நீளம்தான். ஆனால் பிள்ளைகள் ஒருவரும் பொருள் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து, தமிழாசிரியர்:

மகள், விசாரணை வேண்டாம் என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்தச் சொல் என் வீட்டுக்கும் வந்து போனது.

ஆனால் சாட்சி வடசொல். ‘இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் கரி என்றால் சாட்சி. ‘கரி கேட்பு’ என்றால் இரண்டே சொல்.

புதுக்கடை நண்பருக்கும் ஒன்று. நம் பாராளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட்டில் ‘வினாக்களுக்கு வாய்மூல விடைகள்’ என்றுதான் தலைப்பிடுகிறார்கள், கேள்வி என்று போடுவதில்லை. பாராளுமன்றமே வினாவை எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவைத்திருக்கிறது. காலியாக நிற்கும் அந்தச் சொல்லை நாம் ஏன் எடுக்கக்கூடாது?

புதுக்கடையிலிருந்து, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

ஹன்சாட் விடயம் நல்ல பிடி ஐயா, அதை நான் யோசிக்கவில்லை. இருந்தாலும் தெருவில் கேள்வி காலியாக இல்லையே. ‘கேட்பு’ என்றாலும் வங்கிக் கேட்பு வரைவோலைதான் நினைவுக்கு வரும், அங்கே அது தரச்சொல்லிக் கேட்பது. கரி அடுப்பங்கரைக்குப் போய்விட்ட சொல்.

தவணையை நானே மீளப்பெறுகிறேன். தவணை கேட்டார் என்றால் வழக்கைத் தள்ளிப்போடச் சொன்னார் என்றும் பொருள். குறித்த நாளில் நடப்பதற்கும் அன்று நடக்காததற்கும் ஒரே சொல் இருக்கக்கூடாது.

ஆசிரியையின் சொல்லில் எனக்கு ஒரு குறைதான். நீதிமன்றச் சாட்சி நடந்ததைக் கண்டவர். குழு முன் வருகிறவர்களில் பலர் எதையும் கண்டவர்கள் இல்லை, தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வருகிறார்கள். ‘கருத்துக் கேட்கும் அமர்வு’ என்றால் அவர்களுக்குப் பொருந்தும். ஆனால் கணக்குக் காட்ட வேண்டிய கூட்டுத்தாபனத் தலைவரிடம் குழு கருத்துக் கேட்பதில்லை, பதில்தான் கேட்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

புதன் இரவு பதினொரு மணி. பலர் தனியாகவும் எழுதியிருந்தீர்கள், நன்றி. பெரும்பாலானோர் ‘சாட்சி கேட்கும் அமர்வு’ பக்கம். அதையே போடுகிறேன். மற்ற நிரலுக்குச் ‘சட்டமூலத் திருத்த அமர்வு’. இரண்டுக்கும் மேலே ‘திகதி குறிக்கப்பட்ட அமர்வுகள்’. விசாரணை எந்த இடத்திலும் வராது.

கருத்தா பதிலா என்று புதுக்கடை அண்ணர் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. நிரலின் அகலம் நான்கு சென்ரிமீற்றர்தான், ‘சாட்சி கேட்கும்’ என்பது ஒரு வரி, ‘அமர்வு’ அடுத்த வரி.

கொட்டாஞ்சேனையிலிருந்து, தமிழாசிரியர்:

அச்சிடுங்கள் தம்பி, பிள்ளைகளுக்குப் புரியட்டும். ‘கேள்வியமர்வு’ என்று போட்டிருந்தால் நான்கு சென்ரிமீற்றரில் ஒரே வரியில் அடங்கியிருக்கும். அடுத்த பதிப்புக்கு மீண்டும் இதையே எழுதுவேன்.