ட்ராக்டரில் ட்ராஃப்ட் லிவரைப் போட்டால் கலப்பை துள்ளுகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் வயல். பெரும்போகத்துக்குப் புழுதி உழவு தொடங்கிப் பத்து நாளாகிறது, பாதியில் நிற்கிறேன்.

ட்ராக்டர் 30 குதிரைவலு, நான்கு சில்லும் இழுக்கும் சின்ன ரகம். ஆறு மாதத்துக்கு முன் பழையதாக வாங்கினது, கைநூல் இல்லை. பின்னால் ஐந்து கொழுக் கொத்துக் கலப்பை. கலப்பையை வைத்த உயரத்திலேயே பிடிக்கும் பொசிஷன் லிவரில் உழுதால் ஆழம் ஒரே மாதிரி வருகிறது. ஆனால் களி இறுகின இடத்தில் சில்லு சும்மா சுற்றி எஞ்சின் திணறுகிறது. சரி, இழுவைப் பாரம் கூடினால் கலப்பையைத் தானாகக் கொஞ்சம் தூக்கிவிடுவதற்குத்தானே ட்ராஃப்ட் என்று மாற்றினால், கட்டியில் பட்டதும் கலப்பை முழங்கால் உயரத்துக்கு எழும்பி, நாலைந்து அடி உழாமலே போய், அப்புறம் தொப்பென்று விழுகிறது. வயல் பன்றி கிண்டின மாதிரி.

ஹைட்ரோலிக் ஒயில், ஃபில்டர் மாற்றியாயிற்று. டாப் லிங்க்கை (கலப்பையின் மேல்பக்கத்தை ட்ராக்டரோடு பூட்டும் தண்டு) மூன்று துளையிலும் மாட்டினேன். துள்ளல் கூடிக் குறைகிறதே தவிர நிற்கவில்லை. இறங்கும் வேகத்தையும் குறைத்துப் பார்த்தேன். மெக்கானிக் “ட்ராஃப்ட்டை மறந்திடு தம்பி” என்கிறார். மறப்பதற்கா லிவர் வைத்தார்கள்?

நேற்றுக் கலப்பையைக் கழற்றிவிட்டு, டாப் லிங்க் பூட்டும் கொண்டியைக் கையால் ஆட்டினேன். நெல்மணி நீளத்துக்கு முன்னும் பின்னும் டக் டக்கென்று ஆடுகிறது. இழுவைப் பாரத்தை உணர்ந்து வால்வுக்குச் சொல்லும் சுருள்வில் அதன் பின்னால்தான் இருக்கிறது.

அந்த ஆட்டத்தை நட்டை இறுக்கி எடுத்தால் போதுமா, வில்லையே மாற்ற வேண்டுமா?