புதிய வசதிகளுக்கு வாடிக்கையாளர்களிடமே கூட்டு நிதி திரட்டலாமா?

கேள்வி (கிடங்கு மென்பொருள் செய்பவர்):

நாங்கள் நால்வர் சேர்ந்து, கிடங்கு இருப்பைக் கணக்கிடும் மென்பொருள் ஒன்றை ஆண்டுச் சந்தாவுக்கு விற்று வருகிறோம். வாடிக்கையாளர்கள் கேட்டிருக்கும் புதிய வசதிகளின் பட்டியல் இருநூறைத் தாண்டிவிட்டது. எதை முதலில் செய்வது என்று வாக்கெடுப்பு வைத்தோம். வாக்களிக்கக் காசு செலவில்லை என்பதால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கை தூக்கினார்களே தவிர, பட்டியல் குறையவில்லை. ஆகவே, ஒவ்வொரு வசதிக்கும் ஒரு தொகையைக் குறித்து, தேவைப்படுவோர் தங்களால் இயன்றதைப் போட்டு, அத்தொகை நிறைந்தால் மட்டும் அதைச் செய்வது என்று யோசிக்கிறோம். சந்தா கட்டுபவரிடமே மறுபடியும் பணம் கேட்பது முறையா, பணம் போடாதவருக்கும் அந்த வசதியைத் தர வேண்டுமா என்பவை எங்களுக்குள் தீராத வாதங்களாக உள்ளன. இதை நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (கட்டற்ற மென்பொருள் நிரலாளர்):

எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். தெருவில் வித்தை காட்டுபவர் தட்டில் போதிய காசு விழுந்த பிறகே அடுத்த வித்தையைத் தொடங்குவார். ஆனால் காசு போடாதவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதில்லை. குறியாக்கவியல் அறிஞர்களான ஜான் கெல்சியும் புரூஸ் ஷ்னையரும் 1990களின் இறுதியில் இதே ஒப்புமையை வைத்து ஒரு நிதி முறையை முன்மொழிந்தார்கள். பணம் போட்டவருக்கு ஒரு வடிவம், போடாதவருக்கு வேறு வடிவம் என்று நிரலைப் பிரித்தால், நான்கு பேர் கொண்ட குழு அவ்விரண்டையும் சோதித்தே களைத்துப் போகும்.

நல்ல முன்னுதாரணம் ஒன்றும் உண்டு. தரவுத்தள அட்டவணை மாற்றங்களைக் கையாளும் வசதியை இணையச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோ என்ற கட்டற்ற மென்பொருளிலேயே சேர்ப்பதற்காக, 2013இல் நிரலாளர் ஆண்ட்ரூ காட்வின், கூட்டு நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 2,500 பவுண்டு கேட்டார்; அதைப் போல் ஏழு மடங்குக்கும் மேல் சேர்ந்தது. 2014 செப்டம்பரில் வெளியான 1.7 பதிப்பில் அவ்வசதி பணம் போட்டவர், போடாதவர் அனைவருக்கும் கிடைத்தது. அதே வேலைக்கான சவுத் என்ற தனி நிரலை அவர் முன்பே எழுதியிருந்ததால் வேலையின் அளவு அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. மாறாக, 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டிய ஓப்பன்ஷாட் காணொளித் தொகுப்பியின் 2.0 பதிப்பு 2016இல்தான் பயனர் கைக்கு வந்து சேர்ந்தது.

மறுமொழி 2 (சிறு நிறுவனம் நடத்துபவர்):

நாங்கள் நடத்திப் பார்த்தோம். பணம் சேர்ப்பது எளிதாகவே இருந்தது. பொருள்களுக்குப் பட்டைக்குறி ஒட்டுச்சீட்டு அச்சிடும் வசதிக்குப் பதினொரு வாடிக்கையாளர்கள் பணம் போட்டார்கள். ஆறு வாரத்தில் முடித்துக் கொடுத்தோம். ஏ4 தாளில் வரிசைக்கு மூன்று சீட்டுகளாக அச்சிட்டோம். மறுநாளே அவர்களில் நால்வர், தங்களிடம் இருப்பது சுருள் தாளில் அச்சிடும் சிறிய இயந்திரம் என்றும், தாங்கள் பணம் போட்டது அதற்காகவே என்றும் எழுதினார்கள். நாங்கள் போட்ட அறிவிப்பில் ‘ஒட்டுச்சீட்டு அச்சிடும் வசதி’ என்ற மூன்று சொற்களுக்கு மேல் எதுவும் இல்லை. தவறு எங்களுடையதே, சுருள் தாளுக்கான வேலையைக் கைக்காசில் செய்தோம்.

அதைவிடப் பெரிய செலவு பிறகு வந்தது. ஒவ்வொரு புதிய பதிப்புக்கு முன்னும் அந்த அச்சு வசதியைச் சோதிக்க ஒருவருக்கு ஒரு நாள் முழுதும் போய்விடுகிறது. திரட்டிய பணம் வசதியை உருவாக்கிய கூலிக்கே சரியாகப் போயிற்று. பராமரிப்புக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. தொகையைக் குறிக்கும்போதே குறைந்தது மூன்று ஆண்டுப் பராமரிப்பையும் அதில் சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேர்த்த தொகையைப் பார்த்து ஒருவரும் முன்வரவில்லை என்றால், அந்த வசதி யாருக்கும் அவ்வளவு அவசியமில்லை என்று பொருள். நீங்கள் வாக்கெடுப்பில் தேடிய விடையும் அதுதானே.

மறுமொழி 3 (கணக்காளர்):

தொகை நிறையும் முன் பணத்தை வசூலிக்காதீர்கள். கிக்ஸ்டார்ட்டரிலும் இலக்கு எட்டிய பிறகே அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படுகிறது. வசூலித்த பின்னும் அது உடனே உங்கள் வருமானம் ஆகிவிடாது. வசதியை ஒப்படைக்கும் வரை அது வாடிக்கையாளருக்கு நீங்கள் பட்ட கடனாகவே ஏட்டில் நிற்கும். வசூலித்தும் வேலை முடியாமல் தேங்கும் தொகைக்கும் விதியை முதலிலேயே எழுதிவையுங்கள். மென்பொருள் வேலைகளுக்குப் பயனர்கள் போடும் பரிசுத்தொகையை வேலையை முடித்தவருக்குத் தந்துவந்த பவுண்டிசோர்ஸ் தளம், இரண்டு ஆண்டுகள் எவரும் பெறாத தொகையைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று 2020இல் விதியைத் திருத்த முற்பட்டு, கடும் எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்க நேர்ந்தது.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. இரு கிடங்குகளுக்கிடையே சரக்கு மாற்றும் வசதியை மட்டும் முதலில் அறிவிக்கப் போகிறோம். எந்தத் திரையில் என்ன பதிய வேண்டும், வழியில் இருக்கும் சரக்கு எந்தக் கிடங்கின் இருப்பில் காட்டப்படும் என்பதுவரை ஒரு பக்கத்துக்கு எழுதியாயிற்று. ஒரே ஒரு வாடிக்கையாளர் தொகையின் பெரும்பகுதியைப் போட முன்வந்தால் என்ன செய்வீர்கள்?

மறுமொழி 2 (சிறு நிறுவனம் நடத்துபவர்):

ஒருவர் போடக்கூடியதற்கு உச்சவரம்பு வையுங்கள். நாங்கள் கால் பங்கு என்று வைத்திருந்தோம். அதற்கு மேல் தர விரும்புபவருக்குத் தனி ஒப்பந்தம் எழுதி, அவருக்கான வேலையாகவே செய்து கொடுங்கள். பெரும்பகுதி பணம் போட்டவர் பொதுப் பட்டியலில் இருந்தால், மற்றவர்கள் கேட்கும் சிறு திருத்தத்துக்கும் அவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டிவரும்.