வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் நான் செபஸ்தியாக இருக்கிறேன். இந்தப் புத்தகத்தை அப்பாவிடம் கொடுக்கலாமா?

கரைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய வாசகன் எல்லாம் இல்லை. மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர்க்காரன். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறேன். போன ஐப்பசியில் ஒருநாள் மாவட்ட மைய நூலகத்துக்குள் போனதுகூட நிஜமாகவே மழைக்கு ஒதுங்கத்தான். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் அலமாரியில் ஒல்லியாக இருந்த ஒரு புத்தகத்தை உருவினேன். ரெயினீஸ் ஐயர் தெரு. நாள் முழுக்கப் பில்லில் தெருப் பெயர் எழுதுகிறவனுக்குத் தெருப் பெயரிலேயே ஒரு நாவல் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது.

மழை விட்ட பிறகும் நான் வெளியே வரவில்லை. அந்த நாவலில் கதை என்று பெரிதாக ஒன்றும் நடக்காது, சில வீடுகள், அதில் இருக்கிற மனிதர்கள், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு பெண்ணுக்கு இடிந்தகரையாள் என்று பேர். எங்கள் அம்மாவையும் கட்டிக்கொடுத்த ஊரில் பிறந்த ஊரின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவள் சொந்தப் பேரை நான் ரேஷன் கார்டில்தான் முதலில் பார்த்தேன். இதை எழுதிய வண்ணநிலவன் யார் என்று தேடப்போய் அடுத்ததாகக் கிடைத்தது 'கடல்புரத்தில்' என்ற நாவல். அதிலிருந்துதான் என் பிரச்சினை ஆரம்பம்.

படித்தவர்களுக்குத் தெரியும். குரூஸ் மிக்கேலுக்கு ஒரு வல்லம், மீன் பிடிக்கிற மரப்படகு, இருக்கிறது. லாஞ்சு என்கிற விசைப்படகுகள் வந்து வல்லக்காரர்களின் பிழைப்பை அள்ளிக்கொண்டு போகிற காலம். வெளியூரில் வாத்தியாராக இருக்கிற மகன் செபஸ்தி, வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லி அப்பனை அரிக்கிறான். புத்தகம் படிக்கிறவர்கள் தங்களை நாயகனாகத்தான் நினைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் செபஸ்தி.

எங்கள் அப்பாவுக்கும் ஒரு வல்லம் இருந்தது. நான் டிப்ளமோ முடித்ததும் கப்பல் வேலை என்று பிடிவாதம் பிடித்தேன், எங்கள் பக்கத்தில் அப்போது பாதிப் பையன்களுக்கு அதே பைத்தியம். கோர்ஸுக்கு ஒரு தொகை, ஏஜென்ட் ஒருத்தருக்கு ஒரு தொகை. 2008-இல் வலை, என்ஜின் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு அப்பா வல்லத்தைக் கொடுத்தார். கோர்ஸ் முடிந்தது. ஏஜென்ட் போனை எடுப்பதை நிறுத்தினார். கப்பலை நான் தூத்துக்குடியில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அப்பா இன்றைக்கு அடுத்தவர் வலையைப் பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அவருக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. வேதப்புத்தகமும் தினத்தந்தியும் வாசிப்பார். இந்த நாவலை அவரிடம் கொடுக்கலாமா? அது மன்னிப்புக் கேட்பது மாதிரி இருக்குமா, புண்ணைக் குத்துவது மாதிரி இருக்குமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு நாவலில் தப்புச் செய்கிறவன் இடத்தில் தன்னைப் பார்த்தவர்கள் இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா, இல்லை நான் மட்டும்தானா?

பாளை ஓய்வாசிரியர் எழுதியது:

தம்பி, கொடுங்கள். தயங்காமல் கொடுங்கள்.

முதலில் அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம், ஏனென்றால் எங்கள் ஊர்க் கதை வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ரெயினீஸ் என்பவர் ஜெர்மன் மிஷனரி, 1820-இல் திருநெல்வேலிக்கு வந்தவர், 1838-இல் இறந்தார், கல்லறை இங்கே அடைக்கலாபுரத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாதிரிமார்களை ஐயர் என்றே சொல்வார்கள், அதனால் அவர் ரெயினீஸ் ஐயர். வெளியூர் நண்பர் ஒருவர் அந்த நாவலை அக்ரகாரக் கதை என்று நினைத்து வாங்கிப்போய் ஏமாந்தார். ஏமாந்தார் என்று சொல்லக் கூடாது, மூன்று தடவை படித்தார்.

வண்ணநிலவன் மீனவர் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. திருநெல்வேலிக்காரர், இயற்பெயர் ராமச்சந்திரன். கடல்புரத்தில் 1977-இல் வந்தது, அந்த வருடம் இலக்கியச் சிந்தனை பரிசும் கிடைத்தது. அது வந்த காலத்தில் மணப்பாடும் நம் திருநெல்வேலி மாவட்டம்தான், 1986-இல்தான் தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர் எப்படி இவ்வளவு எழுதினார் என்று அப்போதே நாங்கள் டீக்கடையில் பேசிக்கொள்வோம். இதே மனிதர்தான் துக்ளக்கில் துர்வாசர் என்ற பெயரில் வெளுத்து வாங்கியவர் என்று தெரிந்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் நாவலில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டார். செபஸ்தியை அவர் வில்லனாக எழுதவில்லை. அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. நீங்கள்தான் உங்களைக் கூண்டில் ஏற்றிக்கொண்டு, அதற்கு அந்த நல்ல மனிதரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள். அப்பா படிக்கட்டும்.

உவரிக்காரி எழுதியது:

நான் கொடுக்காதீங்க என்றுதான் சொல்வேன். அதற்கு முன்னால் கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

அண்ணன், நீங்கள் எழுதினதை இரண்டு தடவை படித்தேன். வல்லம் இருக்கிறது, அப்பா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள். வாத்தியார் ஐயாவும் அதையேதான் பேசிவிட்டுப் போகிறார். பிலோமி எங்கே? அந்த நாவலே பிலோமியுடையதுதானே? அவள் சாமிதாஸை நேசிக்கிறாள், அது நடக்கவில்லை. அவள் அம்மா மரியம்மை சாகிறாள். வீட்டில் மிச்சம் இருக்கிற எல்லாருக்கும் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டு, அத்தனை பேருடைய துக்கத்தையும் பார்த்துக்கொண்டு, யாரையும் வெறுக்காமல் இருக்கிறாள். ஆம்பிளைகள் படித்தால் அது வல்லம் விற்ற கதை ஆகிவிடுகிறது.

எங்கள் வீட்டிலும் விற்றார்கள். கட்டுமரமும் வலையும் விற்ற காசு அண்ணனுக்குப் போனது. எனக்கு ப்ளஸ் டூவில் ஆயிரத்துக்கு மேல் மார்க், நர்சிங் படிக்க ஆசை, கேட்டதற்கு அப்பா அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை, இடையில் என் கல்யாணம் வந்துவிட்டது. 'கடல்புரத்தில்' நாவலைப் படித்தபோது நான் செபஸ்தியைக் கோபித்துக்கொள்ளவே இல்லை, எனக்கே ஆச்சரியம். பிலோமிக்கு ஏன் கோபம் வரவில்லை என்றுதான் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. வண்ணநிலவனை நேரில் பார்த்தால் இதை மட்டும் கேட்பேன்.

எனக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்றால் எங்கள் ஊர் ஜோ டி குருஸ்தான். ஊர்க்காரர் என்பதற்காக இல்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்). ஆழி சூழ் உலகு 2004-இல் வந்தது. புயலில் கட்டுமரம் சிதைந்து மூன்று பேர் கடலில் மிதந்துகொண்டே இருப்பார்கள், அதற்கு நடுநடுவே ஐம்பது வருட ஊர்க்கதை ஓடும். கொண்டல், வாடை, நீவாடு என்று காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி எங்கள் வீட்டுத் திண்ணையில் பேசுகிற பேச்சு அப்படியே அச்சில் இருக்கும். பாளையில் ஹாஸ்டலில் இருந்த வருடங்களில் நான் அந்தப் பேச்சை விழுங்கி விழுங்கிப் பேசினவள். வாயைத் திறந்தால் ஒருத்தி சிரிப்பாள். அந்தப் புத்தகத்தை என் மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக்காட்டினேன். நாலு பக்கம் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயா காசு குடுத்த, நாங்க தெனம் பேசுறதுதானட்டி" என்றார். ஆனால் மறுநாள் சாயங்காலம் அவரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

அதனால் அப்பாவுக்குக் கொடுப்பதென்றால் ஆழி சூழ் உலகைக் கொடுங்கள், கடலில் கிடக்கிறவர்களின் கதை, அவர் சந்தோஷமாகத் தப்புக் கண்டுபிடிப்பார். 'கடல்புரத்தில்' நாவலை உங்கள் அம்மாவுக்குக் கொடுங்கள். ஊர்ப் பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவள் அவள்தானே?

கரிசல்மண் எழுதியது:

நீங்கள் மட்டும் இல்லை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஆள் எழுத்தாளர் பூமணி. வெக்கை 1982-இல் வந்த நாவல், அதைத் தழுவி 2019-இல் அசுரன் படம் வந்த பிறகு ஊரில் திடீரென்று எல்லாரும் பூமணி வாசகர் ஆகிவிட்டார்கள், அது கிடக்கட்டும். எனக்கு விழுந்த அடி, அதற்கு முன்னால் அவர் எழுதிய 'பிறகு' என்ற நாவலில். அதில் செருப்புத் தைக்கிற அழகிரி ஒரு ஊருக்குப் பிழைக்க வருகிறார். ஊர்க்காரர்களுக்கு அவர் வேலை வேண்டும், அவர் தெருவுக்குள் நிமிர்ந்து நடப்பது வேண்டாம். பாதிப் புத்தகம் வரைக்கும் நான் அழகிரி பக்கம் நின்றுகொண்டு ஊர்க்காரர்களைத் திட்டிக்கொண்டே படித்தேன். அப்புறம் ஒரு இடத்தில் ஒருத்தர் பேசுகிற தோரணை அச்சு அசல் எங்கள் தாத்தா. அதே அலட்சியம். சின்ன வயதில் அவர் அப்படி அதட்டும்போது அவர் தோளில் உட்கார்ந்து நான் சிரித்திருக்கிறேன்.

புத்தகத்தை மூடிவைத்து ஒரு மாசம் தொடவில்லை. தாத்தா எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டவர். அவரை வெறுக்கவும் முடியவில்லை, பழையபடி நினைக்கவும் முடியவில்லை. இதற்கு ஒரு முடிவு கிடைத்தால் சொல்கிறேன், எட்டு வருடம் ஆகிறது.

கீழரதவீதி எழுதியது:

எல்லாரும் ரொம்ப கனமாகப் பேசுவதால் நான் கொஞ்சம் இலேசாக. என்னிடம் யாராவது வண்ணநிலவன் என்றால் கம்பா நதிதான். 1979. டவுனில் வேலை கிடைக்காமல் சுற்றுகிற பையன்களின் கதை. நான் அதைப் படித்தபோது எனக்கு வயது 26, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, நெல்லையப்பர் கோயில் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற செருப்பை எண்ணிக்கொண்டிருந்த காலம். நான் பிறக்கும் முன்னாலேயே என் கதையை ஒருத்தர் எழுதிவிட்டார் என்று நண்பனிடம் சொன்னேன். அவன், அப்போ கடைசிப் பக்கத்தைப் பாருல, உனக்கு வேலை கிடைக்குதான்னு தெரிஞ்சிரும் என்றான்.

கரைக்காரன், ஒரு நடைமுறை விஷயம். அப்பாவுக்கு எழுபதை ஒட்டி இருக்கும் இல்லையா? நாவல் எழுத்து சின்னதாக இருக்கும், கண் புரை வேறு இருந்தால் கஷ்டம். கொடுப்பதா வேண்டாமா என்று மண்டையை உடைப்பதற்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்களேன். உவரி அக்கா செய்த மாதிரி. பிடிக்கவில்லை என்றால் தூங்கிவிடுவார், இரண்டு பேருக்கும் மரியாதை.

கரைக்காரன் எழுதியது:

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. உவரி அக்கா, நீங்கள் சொன்னது உறைத்தது. நான் பிலோமியைத் தாண்டித்தான் படித்திருக்கிறேன். எனக்கு ஒரு தங்கச்சி உண்டு, அவளைப் பற்றி மேலே ஒரு வரிகூட எழுதவில்லை என்பதை உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். அவளிடம் பேச வேண்டும், அது தனிக் கதை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பூசை முடிந்து வந்து அப்பா திண்ணையில் வலையோடு உட்கார்ந்திருந்தார். கீழரதவீதி சொன்னபடி நானே படித்தேன். அவருக்காக என்று சொல்லவில்லை, சும்மா சத்தமாகப் படிக்கிற மாதிரி. அம்மா அடுப்படியிலிருந்து, என்னல ஜெபமா படிக்க என்று எட்டிப் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மகன் வந்து வல்லத்தை விற்கச் சொல்கிற இடம் வந்ததும் எனக்குக் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நிறுத்தினேன். அப்பா தலையைத் தூக்கவில்லை, வலையில் கை போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் கேட்டார், "எவ்வளவுக்குல வித்தான்?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். நான் தேடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே சொன்னார், "என்ன வெல வந்தாலும் நட்டந்தாம்ல. மேல படி."

இன்னும் பாதி இருக்கிறது. அடுத்த ஞாயிறும் போகிறேன்.