65,536 முறை சராசரி எடுத்தும் இரைச்சல் ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்கவில்லை

ஒளியிழை மாணவன் (கேள்வி)

வணக்கம். 5 கிலோமீட்டர் ஒளியிழைக்குள் லேசர் பல்ஸ் அனுப்பி, உள்ளே சிதறித் திரும்பி வரும் ஒளியை அளக்கிறேன். பல்ஸ் அகலம் 10 நானோ செகண்ட், வினாடிக்கு 10,000 பல்ஸ். கடைக்கோடியிலிருந்து ஒளி திரும்ப ஏறக்குறைய 50 மைக்ரோ செகண்ட் ஆகும். டிடெக்டர், ஆம்ப்ளிஃபயர், அதன்பின் 8 பிட் ஆசிலாஸ்கோப். வினாடிக்கு 1 ஜிகா சாம்பிள் (நூறு கோடி அளவெடுப்பு), முழு அளவு 80 மில்லிவோல்ட். லேசரைத் தட்டும் பல்ஸ் ஜெனரேட்டரும் ஸ்கோப்பும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஓடுகின்றன.

கோடியில் சிக்னல் 0.2 மில்லிவோல்ட்தான், இரைச்சலோ 4 மில்லிவோல்ட். 1024 முறை சராசரி எடுத்தால் இரைச்சல் 0.13 ஆகிறது, அது சரி. ஆனால் 16,384-இல் 0.055, 65,536-இல் 0.048. கணக்குப்படி 0.016 வர வேண்டுமே? தவிர, சராசரி போட்டதும் ஸ்கோப் வினாடிக்கு 300 பல்ஸ் அளவுக்குத்தான் பிடிக்கிறது. 65,536-க்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சராசரி எடுக்கும் வசதியுள்ள டிஜிட்டைசர் கார்டு (சிக்னலை எண்ணாக்கிக் கணினிக்குத் தரும் அட்டை) வாங்கினால் இரண்டும் தீருமா?

அளவன்

8 பிட் ஸ்கோப் முழு அளவை 256 படிகளாகப் பிரிக்கும், ஒரு படி 0.31 மில்லிவோல்ட். உங்கள் சிக்னல் ஒரு படிகூட இல்லை. இல்லாததை எத்தனை முறை கூட்டினாலும் வராது. 14 பிட் கார்டு பாருங்கள்.

பழைய ட்ரிகர்

அளவன் சொல்வது இரைச்சலே இல்லாத சிக்னலுக்குத்தான் சரி. இங்கே 4 மில்லிவோல்ட் இரைச்சல், அதாவது 13 படி, சிக்னலை மேலும் கீழும் உலுக்கிக்கொண்டே இருக்கிறது. 0.2 மில்லிவோல்ட் சேர்ந்தால் மேல் படியில் விழும் தடவைகள் கொஞ்சம் கூடும், அந்தக் கூடுதல்தான் சராசரியில் தெரிகிறது. இரைச்சல் அரைப் படிக்கு மேல் இருந்தாலே இது நடக்கும். 14 பிட் வாங்கினாலும் இந்த 4 மில்லிவோல்ட் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது உங்கள் டிடெக்டரிலிருந்து வருகிறது.

கேள்வியில் நல்ல தடயம் இருக்கிறது. இரைச்சல் தற்செயலானது என்றால் தடவைகளின் வர்க்கமூலத்தின்படி குறையும்: 1024-க்கு 32 மடங்கு, 65,536-க்கு 256 மடங்கு. உங்கள் எண்களுக்கு அடியில் ஏறக்குறைய 0.045 மில்லிவோல்ட் குறையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பல்ஸிலும் அதே இடத்தில் அதே அளவு வருவதை எந்தச் சராசரியும் தொடாது. சராசரிக்கு அதுவும் சிக்னல்தான்.

எங்கிருந்து வருகிறது? வேகமான ஸ்கோப்புகள் பலவற்றில் உள்ளே இருப்பது ஒரே ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லு) அல்ல, நாலு மெதுவான ஏடிசிகள் முறைவைத்து சாம்பிள் எடுக்கும். நாலுக்கும் பூஜ்யம் துளி வேறுபடும். அதனால் நாலு சாம்பிளுக்கு ஒருமுறை திரும்பும் கோலம் ஒன்று எப்போதும் உண்டு. வழக்கமாக ட்ரிகர் (பதிவைத் தொடங்கச் சொல்லும் சைகை) எங்கேயோ வந்து விழும், கோலம் கலைந்து போகும். நீங்களோ கிளாக்கைக் கட்டிவைத்திருக்கிறீர்கள். 100 மைக்ரோ செகண்ட் என்பது மிகச் சரியாக 1,00,000 சாம்பிள், நாலால் மீதியில்லாமல் வகுபடும். எல்லாப் பல்ஸும் கோலத்தின் அதே புள்ளியில் தொடங்குகின்றன.

சோதிப்பது எளிது. லேசரை அணைக்காதீர்கள், அது ஓடட்டும், டிடெக்டருக்கு வரும் ஒளியை மட்டும் மறையுங்கள். லேசர் டிரைவர் கிளப்பும் மின் குறுக்கீடும் பல்ஸோடு சேர்ந்தே வருவதால் அதையும் பார்க்க வேண்டும். 65,536 சராசரி எடுத்து, பத்திருபது சாம்பிளைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கோலம் தெரிந்தால், 10 மெகாஹெர்ட்ஸ் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். பாவம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கிளாக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விலகினாலே பல்ஸுக்கு 0.1 நானோ செகண்ட் நழுவும், 40 பல்ஸில் கோலம் ஒரு சுற்று சுற்றிவிடும். பதிலுக்கு ஒரு சாம்பிள் அளவு ட்ரிகர் நடுக்கம் வரும். அது 500 மெகாஹெர்ட்ஸில் சிக்னலை 64 சதவீதமாக்கும், 50 மெகாஹெர்ட்ஸில் அரை சதவீதம்கூடத் தின்னாது. 10 நானோ செகண்ட் பல்ஸுக்கு அது கவலையே இல்லை. அரை நானோ செகண்ட் பல்ஸ் என்றால் இந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

கேபிள் இருந்தே ஆகவேண்டும் என்றால் பல்ஸ் இடைவெளியை 100.001 மைக்ரோ செகண்ட் ஆக்குங்கள். ஒவ்வொரு பல்ஸும் ஒரு சாம்பிள் தள்ளி விழும். நாலு பல்ஸில் ஏடிசி கோலமும் நூறு பல்ஸில் 10 மெகாஹெர்ட்ஸ் கசிவும் சமன்படும். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும், ஆனால் உங்கள் ஜெனரேட்டருக்கு 1 நானோ செகண்ட் நுணுக்கம் வேண்டும்.

கார்டு விஷயம் தனி. அது வேகத்துக்கு, இரைச்சல் இறங்க மறுக்கும் இந்தத் தரைமட்டத்துக்கு அல்ல. ஸ்கோப் 100 பல்ஸில் 97-ஐ வீணாக்குகிறது. கார்டுக்குள் எஃப்பிஜிஏ (வேண்டியபடி நிரல்படுத்தும் சில்லு) சாம்பிள் வரும்போதே கூட்டிவைப்பதால் ஒன்றையும் விடாது. 0.2 மில்லிவோல்ட் சிக்னல் இரைச்சலைவிடப் பத்து மடங்கு தெரிய 40,000 பல்ஸ் போதும், அதாவது 4 வினாடி. மூன்றரை நிமிடத்தில் ஒளியிழையின் வெப்பநிலையே நகர்ந்துவிடும்.

மூளை அலை

நரம்பியல் ஆய்வகத்திலிருந்து. ஜார்ஜ் டாசன் 1954-இல் மூளை அலைகளை இப்படிக் கூட்டியபோது கையில் இருந்தவை சுழலும் சுவிட்சும் மின்தேக்கி வரிசையும்தான்! நாங்கள் இன்றும் செய்யும் ஒரு சோதனை: ஒற்றைப்படைப் பல்ஸைக் கூட்டி, இரட்டைப்படையைக் கழியுங்கள். சிக்னலும் ஒட்டிக்கொண்ட கோலமும் சேர்ந்து மறையும், மிஞ்சுவது தற்செயல் இரைச்சல் மட்டும். அது கடைசிவரை வர்க்கமூலப்படி இறங்கினால் பழைய ட்ரிகர் சொன்னது உறுதி. அதுவும் நின்றுபோனால் வேறு எதையோ தேட வேண்டும்.

ஒளியிழை மாணவன்

ஒளியை மறைத்துப் பார்த்தேன். நாலு சாம்பிளுக்கு ஒருமுறை, அச்சடித்தது போல! கேபிளைப் பிடுங்கியதும் 65,536-இல் 0.017 வந்துவிட்டது. நன்றி சார்.

வேகத்துக்காகக் கார்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரு கார்டின் விவரத்தாளில், குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே உள்ள சாம்பிள்களைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கூட்டும் வசதி இருக்கிறது. அது உதவுமா?

பழைய ட்ரிகர்

உங்களுக்குக் கெடுதல். அது பறக்கும் நேர நிறைமாலைமானிக்காரர்களுக்கு, அதாவது அயனிகள் பறந்து வர ஆகும் நேரத்தை வைத்து அவற்றின் நிறையை அளப்பவர்களுக்கு. அவர்களுக்கு ஒரு அயனி வந்தால் இரைச்சலுக்கு மேலே பளிச்சென்று துருத்தும், வராத நேரத்து இரைச்சலை வெட்டிவிடலாம். உங்கள் சிக்னல் இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, வெட்டினால் அதையும் சேர்த்து வெட்டுவீர்கள்.

விற்பவரிடம் மூன்று கேளுங்கள். ஒரு பதிவு முடிந்து அடுத்த ட்ரிகருக்குத் தயாராக எவ்வளவு நேரம்? உங்களிடம் 50 மைக்ரோ செகண்ட் மிச்சம் இருக்கிறது, தாராளம். சராசரி நிலையில் 50,000 சாம்பிளுக்கு மெமரி உண்டா? சாதாரணப் பதிவுக்கு எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், இந்த நிலையில் அது பல கார்டுகளில் சுருங்கிவிடும். வெளியே வருவது முழுக் கூட்டுத்தொகையா, 8 பிட்டுக்கு வெட்டியதா? வெட்டியது என்றால் சராசரி எடுத்ததே வீண். 8 பிட் சாம்பிளை 65,536 முறை கூட்டினால் 24 பிட்டில் அடங்கும், 32 பிட் கொடுத்தால் நிம்மதி.

கணினிக்குள்ளேயே கூட்டவும் முடியும். வினாடிக்கு 500 மெகாபைட்தான் வரும், நல்ல பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு தாங்கும். அப்படிச் செய்தால் மூளை அலை சொன்ன கூட்டல் கழித்தலை நீங்களே எழுதிக்கொள்ளலாம். நிரல் எழுதத் தயங்காதவர் என்றால் நான் அந்தப் பக்கம்தான் போகச் சொல்வேன்.