ஓ.எஸ். வேலைக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள்: கப்பல் சம்பளக் கணக்கு எப்படி?

கேள்வி: முதுநகர் அண்ணன்

என் தம்பி பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் (கடைநிலை மாலுமிக்கான) பயிற்சியை முடித்து, மாலுமி அடையாள எண்ணான இண்டோஸும் கடற்பணிப் பதிவேடான சி.டி.சி.யும் வாங்கி வைத்துக்கொண்டு, எட்டு மாதங்களாகக் கடலூர் முதுநகரில் அப்பாவின் ஃபைபர் படகில்தான் போய்வருகிறான். புதுச்சேரியில் ஒரு முகவர், மூன்று லட்சம் கட்டினால் இருபது நாளில் சரக்குக் கப்பலில் ஓ.எஸ். (கடைநிலைத் தள மாலுமி) வேலை, மாதம் எண்பதாயிரம், ஆண்டுக்கு ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் என்கிறார். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரிக்கும் படகுக் கணக்கு எங்களுக்குத் தெரியும். கப்பல் கணக்கு தெரியாது. இந்தத் தொகை நம்பத்தக்கதா? வேலை எப்படி இருக்கும்? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: வைத்திக்குப்பம் போசன் (தள மாலுமிகளின் தலைவர், ஓய்வு)

தம்பி, முதலில் நகையைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். கப்பல் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் பெறுவது சட்டப்படி குற்றம். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும், அதை இந்தியா 2015இல் ஏற்பதற்கு முன்பே இங்கிருந்த ஆள்சேர்ப்பு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. மருத்துவச் சான்று, கடவுச்சீட்டு, சி.டி.சி. ஆகியவற்றின் செலவை உங்கள் தம்பி ஏற்கலாம். விசாச் செலவு கூடக் கப்பல் முதலாளியுடையது. ஆள் சேர்ப்பவருக்கு ஆர்.பி.எஸ்.எல். எனும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணையதளத்தில் உள்ளது. முகவர் சொல்லும் நிறுவனம் அதில் இல்லையென்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அடுத்தது சம்பளம். ஓ.எஸ்.-க்கு மேல்படியில் இருக்கும் ஏ.பி. மாலுமிக்குப் பன்னாட்டு அளவில் பரிந்துரைக்கப்பட்ட குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025இல் மாதம் 673 டாலர், 2026 ஜனவரி முதல் 690 டாலர். ஓ.எஸ்.-க்கு அதைவிடக் குறைவு. இது வாரம் 48 மணிநேர வேலைக்கான தொகை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் குறைந்தது ஒன்றே கால் மடங்கு கூலி, மாதத்துக்கு இரண்டரை நாள் விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் கையில் வரும் மொத்தம். எனவே அவர் சொல்லும் எண்பதாயிரம் அடிப்படையா மொத்தமா என்று கேளுங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கியதுதான் பெரிய பொய். எங்களுக்கு ஒப்பந்தம் ஒன்பது மாதம் என்றால் சம்பளம் ஒன்பது மாதத்துக்குத்தான். இறங்கிய நாளோடு நின்றுவிடும், அடுத்த கப்பல் எப்போது என்பது நம் கையில் இல்லை.

வேலையைப் பற்றி இனிப்பாகச் சொல்ல மாட்டேன். ஓ.எஸ். என்றால் பகலெல்லாம் சுத்தியலால் துருவைத் தட்டிப் பெயிண்ட் அடிப்பதும், இரவில் பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறை) கண்காணிப்புக்கு நிற்பதும்தான். ஒரு முறை நிலக்கரியை இறக்கிவிட்டு அடுத்த துறைமுகத்தில் தானியம் ஏற்ற வேண்டியிருந்தது. ஐந்து ஹோல்டுகளையும் (சரக்கு வைக்கும் அறைகள்) நான்கு நாளில் கழுவினோம், அதன் பிறகு மூன்று நாள் மூக்கைச் சிந்தினால் கருப்பாகவே வந்தது. அதற்குத் தனி போனஸ் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்து அங்கே அல்ல, துறைமுகத்தில் கப்பலைக் கயிற்றால் கட்டும்போது. இறுகிய கயிறு அறுந்தால் சாட்டையைப் போலத் திரும்பி வரும்; அது வரும் பாதையில் நிற்காமல் இருக்கப் பழகுவதற்கே புதியவனுக்கு ஒரு வருடம் ஆகும். அலைக்குப் பழகிய படகுப் பிள்ளைதானே என்று எண்ண வேண்டாம்.

24 மணிநேரத்தில் பத்து மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு தர வேண்டும் என்பது விதி. துறைமுகத்துக்குத் துறைமுகம் ஓடும் சிறிய கப்பல்களில் அந்த ஓய்வு பல நாள் தாளில் மட்டும் இருக்கும். நானே அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதை இன்று பெருமையாகச் சொல்லவில்லை.

பதில்: பரங்கிப்பேட்டை இல்லத்தரசி

போசன் ஐயா சொன்ன "சம்பளம் நின்றுவிடும்" என்பதை வீட்டில் இருந்து பார்த்தவள் நான். என் கணவர் மூன்று மாத விடுப்பில் வந்து, அடுத்த கப்பல் தள்ளிப்போய் ஏழு மாதம் இருந்தார். மளிகைக் கடைக் கணக்கு ஐந்தாம் மாதமே நோட்டின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அதிலிருந்து, கப்பலில் இருந்து வரும் அலாட்மென்ட் (சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பும் பங்கு) பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் வீட்டிலிருக்கும் மாதங்களுக்கென்று அஞ்சலகத்தில் தனியாகப் போட்டுவருகிறேன். அண்ணா, உங்கள் அம்மாவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, தம்பி ஏறியதும் உணவுக்கூடச் சுவரில் காப்பீட்டுச் சான்று ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். இரண்டு மாதம் சம்பளம் தராவிட்டாலே அது மாலுமியைக் கைவிட்டதாகும். அப்போது நான்கு மாதம் வரையிலான நிலுவைச் சம்பளத்தையும் ஊர் திரும்பும் செலவையும் அந்தக் காப்பீடு தர வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. என் கணவரின் இரண்டாவது கப்பலில் இது தெரியாமல் ஐந்து மாதம் காத்திருந்தார்கள்.

பதில்: மஞ்சக்குப்பம் கணக்கர்

வரியைப் பற்றி மட்டும். ஏப்ரல் முதல் மார்ச் வரை இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் அவர் வெளிநாடு வாழ் இந்தியர்; வெளிநாட்டுக் கொடிக் கப்பலில், நம் நாட்டுக்கு வெளியே பார்த்த வேலைக்கான சம்பளம் என்.ஆர்.இ. (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கி) கணக்கில் வந்து சேர்ந்தது என்பதற்காக மட்டும் அதற்கு இங்கே வரி விதிப்பதில்லை. சி.டி.சி.யில் உள்ள ஏறிய, இறங்கிய தேதிகள்தான் சான்று. அந்தப் பக்கங்களை நகலெடுத்து வைக்கவும்.

முதுநகர் அண்ணன்

அனைவருக்கும் நன்றி. இன்று காலை முகவரிடம் உரிம எண்ணையும் கப்பலின் பெயரையும் கேட்டேன். உரிமம் மும்பையில் இருக்கும் "பெரிய ஆபீஸ்" பெயரில் உள்ளதாம். கப்பலின் பெயர் துபாய் போய் இறங்கிய பிறகுதான் தெரியுமாம். விசா சுற்றுலா விசாவாம். ஒப்பந்தத்தின் நகலை முன்னதாகக் காட்டச் சொன்னதற்கு, "நம்பிக்கை இல்லாதவர்களுக்குக் கடல் சரிப்படாது" என்று கோபித்துக்கொண்டார்.

வைத்திக்குப்பம் போசன் (ஓய்வு)

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது மாலுமியின் உரிமை. கோபப்பட அதில் ஒன்றுமில்லை. சுற்றுலா விசாவில் போய்ப் பெயர் தெரியாத கப்பலில் ஏறினால், அங்கே கழிக்கும் மாதங்கள் சி.டி.சி.யில் ஏறாமலே போகலாம், பிறகு ஏ.பி. ஆவதற்கு அந்தக் கடற்காலம் கணக்கில் வராது. ஞாயிறு மாலை தம்பியைச் சான்றிதழ்களோடு என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள், உரிமம் உள்ள நிறுவனங்களுக்கு விண்ணப்பத்தை உட்கார்ந்து எழுதலாம்.