புதுப்பிப்பு: அப்பாவின் பிரஷர் மாத்திரை

அப்பா பிரஷர் மாத்திரையை ஒரு நாள் போட்டால் இரண்டு நாள் விட்டுவிடுகிறார், கேட்டால் "தலைசுத்தலே இல்லையே, எனக்கு எதுக்கு?" என்கிறார் என்று போன மாதம் புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒருவர் சொன்னபடி, திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார். வீங்கிய பாதத்தில் செருப்பு வாரின் தடம் அப்படியே பதிந்திருந்தது. மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது என்று பயந்திருக்கிறார், பாவம். இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். அன்று அளவு 168/98. தலைசுத்தல் துளியும் இல்லை! அதுதான் அப்பாவை உலுக்கியது. ரத்தமும் சிறுநீரும் சோதித்ததில் கிட்னி நன்றாக இருக்கிறது. அப்பா போட்டுவந்த அம்லோடிபின் மாத்திரை சிலருக்குக் காலை வீங்க வைக்குமாம். பிரஷரை அப்படியே விட்டால்தான் கிட்னிக்கு ஆபத்து என்றார் டாக்டர். டெல்மிசார்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார்.

மூன்று வாரம் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது. நேற்று 136/84. காலையில் பல் தேய்த்ததும் மாத்திரை. நாள்காட்டியில் அவரே டிக் போடுகிறார். ஊறுகாயை மட்டும் இன்னும் விடவில்லை. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.