பஃப் பிரேக்கிங் ஓட்டினா தொடாத ஃபைலையும் டெலீட் ஆச்சுன்னு சொல்லுது, ஏன்?

இரவுக்குருவி:

வணக்கம் மக்களே, புரோட்டோ ஃபைல் (புரோட்டோபஃப் டேட்டா எப்படி இருக்கணும்னு எழுதுற ஸ்கீமா) இருக்கிற ரெப்போல ஸ்கீமா மாத்தும்போதெல்லாம் பழைய வெர்ஷனோட ஒப்பிட்டுப் பாக்கணும்னு பஃப்ங்கிற டூலைப் போட்டு பழசை உடைக்கிற மாத்தம் இருக்கான்னு சொல்ற பிரேக்கிங் கமாண்டை ஓட்டிட்டு இருக்கேன். போன்ல இருந்து அடிக்கிறதால கமாண்டையும் தமிழ்லயே போட்டுட்டேன், கண்டுக்காதீங்க.

பஃப் பிரேக்கிங் புரோட்டோ --அகெயின்ஸ்ட் '.கிட்#பிராஞ்ச்=மெயின்'

ரெப்போ ரூட்டுக்குக் கீழ புரோட்டோனு ஒரு ஃபோல்டர், பஃப் யாம்ல் ஃபைலும் (டூலோட செட்டிங்) அதுக்குள்ளதான் இருக்கு. நான் கை வச்சது ஆர்டர் மெசேஜ்ல மட்டும்தான்: 4ஆம் நம்பர்ல இருந்த கூப்பன் கோடைத் தூக்கிட்டு நம்பரையும் பேரையும் ரிசர்வ்டுல (திரும்ப யாரும் எடுக்கக்கூடாதுன்னு ஒதுக்கி வைக்கிறது) போட்டேன், அப்புறம் குவான்டிட்டியை இன்ட்32ல இருந்து இன்ட்64 ஆக்கினேன், அவ்ளோதான். ஆனா டூல் என்னடான்னா நான் எட்டிக்கூடப் பாக்காத ஃபைலையெல்லாம் சேத்து "முன்னாடி இருந்த ஃபைல் டெலீட் ஆயிருக்கு"ன்னு ஸ்கிரீன் முழுக்கக் கொட்டுது. இது என் மெஷின்ல. சிஐல (கோடைத் தானா செக் பண்ற சர்வர்ல) ஓட்டினா அதுவும் இல்ல, மெயின் பிராஞ்சையே காணோம்னு எரர் அடிச்சு நின்னுடுது. ரெண்டும் ஒரே பிரச்சனையா வேற வேறயா?

கோடுகிழிச்சான்:

வேற வேற. முதல்ல லோக்கல்ல இருக்கறதப் பாப்போம். நீங்க இந்தப் பக்கம் இன்புட்டா குடுத்தது புரோட்டோ ஃபோல்டர், அதனால ஃபைல் பேரு ஆர்டர்.புரோட்டோன்னு ஆரம்பிக்குது. அந்தப் பக்கம் குடுத்தது முழு கிட் ரெப்போ, அங்க ரூட்ல இருந்து எண்ணுறதால அதே ஃபைலுக்குப் பேரு புரோட்டோ/ஆர்டர்.புரோட்டோ. டூலுக்கு ரெண்டும் ஒரே ஃபைல்னு எப்படித் தெரியும்? பழைய பக்கத்துல இருந்த அத்தனையும் காணாமப்போச்சுன்னு நெனச்சுக்குது. சப்டிர்னு ஃபோல்டரையும் சேத்து இப்படி மாத்திப் பாருங்க:

--அகெயின்ஸ்ட் '.கிட்#பிராஞ்ச்=மெயின்,சப்டிர்=புரோட்டோ'

சொல்லப்போனா உங்க ஃபைலுங்க ஒண்ணை ஒண்ணு இம்போர்ட் பண்ணியிருந்தா இந்த மெசேஜ்கூட வந்திருக்காது, இம்போர்ட் பண்ற ஃபைல் கிடைக்கலைன்னு பழைய பக்கத்தை பில்ட் பண்ணும்போதே நின்னிருக்கும்.

சிஐ விஷயம் ஷாலோ குளோன். ஜிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல செக்அவுட் ஸ்டெப்புக்கு டெப்த் டீஃபால்ட்டா 1, அதாவது ஒரே ஒரு கமிட்தான் இறங்கும், மெயின் பிராஞ்ச் அங்க கிடையவே கிடையாது. ஃபெட்ச் டெப்த்தை 0ன்னு வச்சா முழு ஹிஸ்டரியும் வந்துடும். ரெப்போ ரொம்பப் பெருசு, முழுசா இறக்க முடியாதுன்னா அகெயின்ஸ்ட்ல லோக்கல் கிட்டுக்குப் பதிலா ரிமோட் ரெப்போவோட யூஆர்எல்லையே குடுக்கலாம்.

இரவுக்குருவி:

செம தல, சப்டிர் போட்டதும் அந்தக் குப்பையெல்லாம் போயிடுச்சு, சிஐயும் ஓடுது. இப்ப ரெண்டே எரர்தான் மிச்சம், ஆனா அது எனக்கு நியாயமாப் படல. கூப்பன் கோடு ஃபீல்ட் டெலீட் ஆயிருக்குன்னு ஒண்ணு, குவான்டிட்டியோட டைப் மாறியிருக்குன்னு இன்னொண்ணு. நம்பரை ரிசர்வ் பண்ணிட்டா சேஃப்னுதானே எல்லாரும் சொல்றாங்க? இன்ட்32, இன்ட்64 ரெண்டுமே வேரின்ட்தானே (சின்ன நம்பருக்குக் கம்மி பைட் எடுக்கிற என்கோடிங்), பழைய டேட்டா அப்படியே படிக்குமே? டூல் தப்பா சொல்லுதா?

பைட்டுப்பார்த்தான்:

நீங்க சொல்றதும் சரி, டூல் சொல்றதும் சரி. யாம்ல்ல பிரேக்கிங்குக்குக் கீழ எந்த ரூல் செட்டும் எழுதலைன்னா ஃபைல்ங்கிற கேட்டகரியை எடுத்துக்கும், இருக்கறதுலயே கறாரானது அதுதான். ஃபைல், பேக்கேஜ், வயர் ஜேசன், வயர்னு நாலு இருக்கு, அந்த வரிசையில கறார் கொறைஞ்சுட்டே வரும். ஃபைலும் பேக்கேஜும் பைட்டை மட்டும் பாக்கறதில்ல, ஜெனரேட் ஆகிற கோடையும் பாக்கும், ஃபீல்டைத் தூக்கினா அதைக் கூப்பிடுற புரோகிராம் கம்பைல் ஆகாதுல்ல, அதனால நீங்க ரிசர்வ் பண்ணாலும் பண்ணாட்டாலும் கத்தத்தான் செய்யும். வயருக்கு மாத்துனா பைட்டை மட்டும்தான் பாக்கும், ரிசர்வ் பண்ணின டெலீட்டை விட்டுடும், இன்ட்32ல இருந்து இன்ட்64க்குப் போறதையும் விட்டுடும்.

ரிசர்வ் ஏன் முக்கியம்னா, வயர்ல, அதாவது அனுப்புற பைட்ல, ஃபீல்ட் பேரு போறதே இல்ல. நம்பரை மூணு பிட் இடப்பக்கம் தள்ளி வயர் டைப்பை (டேட்டா எந்த வகைன்னு சொல்ற நம்பர்) சேத்து டேகா எழுதும், கூப்பன் கோடு 4ஆம் நம்பர் ஸ்ட்ரிங், அப்ப டேக் 34. நாளைக்கு யாரோ விவரம் தெரியாம 4லயே ரிமார்க்ஸ்னு இன்னொரு ஸ்ட்ரிங் போட்டா அதுக்கும் டேக் 34தான், பழைய குடித்தனக்காரருக்கு வந்த லெட்டர் புதுசா குடிவந்தவர் கையில போன மாதிரி கூப்பன் எல்லாம் ரிமார்க்ஸ்ல வந்து உக்காரும், எரரும் வராது. அதுவே 4ல இன்ட்32 போட்டிருந்தா டேக் 32 ஆயிடும், பழைய டேட்டால இருக்கற 34 ஒத்துப்போகாம தெரியாத ஃபீல்டுன்னு ஒதுங்கிடும், அது எவ்வளவோ தேவலாம்.

வேரின்ட்தானேங்கறதை மட்டும் நம்பாதீங்க. எஸ்இன்ட்32வும் வேரின்ட்தான், ஆனா ஜிக்ஜாக் என்கோடிங் (பாசிட்டிவ், நெகட்டிவை மாத்தி மாத்தி எண்ணுறது). இன்ட்32வா எழுதின 1ஐ எஸ்இன்ட்32வா படிச்சா -1, 2ஐப் படிச்சா 1. வயர் கேட்டகரியே இதை விடாது.

முக்கியமா ஒண்ணு கேக்கணும், உங்க டேட்டாவை யாராவது ஜேசனா வாங்கறாங்களா? அப்படின்னா வயருக்குப் போகாதீங்க, ஜேசனையும் சேத்துப் பாக்குற வயர் ஜேசன்ல வைங்க. புரோட்டோவோட ஜேசன்ல இன்ட்32 நம்பரா போகும், இன்ட்64 கோட்ஸுக்குள்ள ஸ்ட்ரிங்கா போகும். குவான்டிட்டி 5ன்னு வந்துட்டு இருந்தது திடீர்னு "5"னு வந்தா அந்தப் பக்கம் அதோட 1 கூட்டற ஜாவாஸ்கிரிப்ட் 6க்குப் பதிலா 51 காட்டும்.

பழையகிளை:

மேல எல்லாரும் மெயினோட ஒப்பிடறதையே பேசறீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மெயின்ல நேத்து மெர்ஜ் ஆன ஃபீல்டை இன்னும் ஒருத்தரும் யூஸ் பண்ணல, பேரு நல்லால்லன்னு இன்னைக்கு மாத்தினா டூல் ஏன் தடுக்கணும்? வெளிய போன கடைசி ரிலீஸோட கிட் டேகைக் குடுங்க, '.கிட்#டேக்=வி1.4.0,சப்டிர்=புரோட்டோ' மாதிரி. அதுல இன்னொரு லாபமும் இருக்கு, அவசரத்துல யாரோ செக்கை பைபாஸ் பண்ணி உடைச்ச மாத்தத்தை மெர்ஜ் பண்ணிட்டா மெயினோட ஒப்பிடறவனுக்கு அடுத்த பிஆர்லயே (புல் ரிக்வெஸ்ட்) அது மறந்துபோயிடும், ஏன்னா உடைஞ்சதே இப்ப பழைய வெர்ஷன் ஆயிடுச்சு. டேகோட ஒப்பிட்டா ரிலீஸ் வரைக்கும் கத்திட்டே இருக்கும்.

கோடுகிழிச்சான்:

டேக் போட்டு ரிலீஸ் பண்றவங்களுக்கு அது சரி. மெயின்ல மெர்ஜ் ஆனதுமே மத்த டீம் கோட் ஜெனரேட் பண்ணி எடுத்துக்கற இடத்துல மெயின்தான் ரிலீஸ், அங்க டேகைப் பாத்துட்டு இருந்தா லேட். நான் ரெண்டு ஸ்டெப்பா ஓட்டுவேன், பிஆர்ல மெயினோட, ரிலீஸ் பைப்லைன்ல டேகோட. கிட்டே வேணாம்னா ரிலீஸ் அப்ப பஃப் பில்ட் பண்ணி வர இமேஜ் ஃபைலை (கம்பைல் பண்ணின ஸ்கீமா, படம் இல்ல) எடுத்து வச்சு அதையே அகெயின்ஸ்ட்ல குடுக்கலாம்.

இன்னொண்ணு, நம்பர், பேரு, டைப் எல்லாம் அப்படியே வச்சுட்டு டைம்அவுட் ஃபீல்டுல செகண்டுக்குப் பதிலா மில்லிசெகண்ட் போட ஆரம்பிச்சா எந்தக் கேட்டகரியும் கண்டுபிடிக்காது. அது ரிவ்யூல கண்ணாலதான் பாக்கணும்.

இரவுக்குருவி:

விசாரிச்சேன், ஒரு டேஷ்போர்ட் டீம் ஜேசனாத்தான் வாங்கறாங்களாம். அதனால வயர் ஜேசன்ல வச்சாச்சு. கூப்பன் கோடு பாஸ் ஆயிடுச்சு, பேரையும் ரிசர்வ் பண்ணியிருந்தது நல்லதாப் போச்சு. குவான்டிட்டி எரர் மட்டும் நின்னது, அதை இன்ட்32வாவே விட்டுட்டு புது நம்பர்ல இன்ட்64 ஃபீல்ட் தனியா சேத்துட்டேன். கடைசியா ஒண்ணு, சிஐல ஸ்கீமா உடைஞ்சதுக்கும் கமாண்டே ஓடாம போனதுக்கும் ஒரே மாதிரி சிவப்புதான் காட்டுது, பிரிச்சுக் காட்ட வழி இருக்கா?

பைட்டுப்பார்த்தான்:

கமாண்ட் முடியும்போது குடுக்கற எக்ஸிட் கோடைப் பாருங்க. ரூல் மீறினதைக் கண்டுபிடிச்சா 100, பிராஞ்ச் கிடைக்கல மாதிரி வேற கோளாறுன்னா 1. ஸ்கிரிப்ட்ல 100 வந்தா பிஆர்ல கமெண்ட் போடு, 1 வந்தா பைப்லைன் பாக்கறவங்களுக்கு அனுப்புன்னு பிரிச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, ஃபைல் கம்பைல் ஆகாம போனாலும் 100தான் வரும், அதனால முன்னாடி ஒரு பஃப் பில்ட் ஸ்டெப் தனியா வச்சிடுங்க.